கடல் கதையைத் தமிழாக்கப் போகிறீர்களா? முதலில் கடற்கரைக்குப் போங்கள்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தைக்கு சனிக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கதை கேட்க வருவார்கள். அவர்களுக்காகத்தான் நான் ஆங்கிலத்திலிருந்து சாகசக் கதைகளையும் மாயக் கதைகளையும் தமிழாக்கத் தொடங்கினேன். இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள், அதனால் நான் செய்கிற விதத்தை அப்படியே எழுதுகிறேன்.

கதையைத் தெரிவு செய்யும்போது முதலில் உரிமையைப் பாருங்கள். நமது இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை அவருடைய வாரிசுகளுக்கு. புதையல் தீவுக் கதை எழுதிய ஸ்டீவன்சன் 1894இல் இறந்தார், ஜூல் வேர்ண் 1905இல் இறந்தார், ஆகவே இவர்களுடைய கதைகளைத் தாராளமாக எடுக்கலாம். அண்மைக்கால எழுத்தாளர் என்றால் பதிப்பகத்துக்கு எழுதி அனுமதி கேளுங்கள்.

அடுத்தது, கையில் இருக்கும் ஆங்கிலப் பிரதி நல்லதா என்று பார்ப்பது. இதைப் பலர் யோசிப்பதில்லை. ஜூல் வேர்ண் எழுதியது பிரெஞ்சில். அவருடைய நீர்மூழ்கிக் கப்பல் கதைக்கு 1870களில் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு கிட்டத்தட்ட கால்வாசியை வெட்டிவிட்டது. போதாததற்கு, சுழியோடிகள் அணியும் உடையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லை ‘தக்கைச் சட்டை’ என்று அது மாற்றியிருக்கிறது. தக்கையைக் கட்டிக்கொண்டு எவரால் கடலுக்கு அடியில் நடக்க முடியும்? இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றில் அந்தப் பழைய பிரதியும் இருக்கிறது. அதை வைத்து நீங்கள் எவ்வளவு அழகாகத் தமிழாக்கினாலும் தக்கைச் சட்டை தமிழிலும் வந்துவிடும். அதனால் இரண்டு மொழிபெயர்ப்புகளையாவது பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒன்றில் இருக்கும் பந்தி மற்றதில் இல்லையென்றால் உடனே தெரிந்துவிடும். புதிய ஆங்கில மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு, ஆகவே அதை ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி எழுத உட்காரலாமா என்றால், இல்லை. ஒரு அத்தியாயத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, ஒரு பிள்ளைக்கு வாயால் சொல்லுங்கள். சொல்லும்போது எங்கே தடக்குகிறீர்கள், எங்கே பிள்ளை ‘பிறகு?’ என்று கேட்கிறது என்பதைக் கவனியுங்கள். நான் முதல் எழுதிய அத்தியாயத்தை வாய் திறந்து சொல்லிப் பார்க்காமலே எழுதினேன். ‘அவனால் பார்க்கப்பட்ட கப்பல்’ மாதிரியான வாக்கியங்கள் வரிசையாக வந்தன, பிள்ளைகள் கேற்றடியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். வாயால் சொன்னால் அப்படி ஒரு வாக்கியம் வராது, ‘அவன் ஒரு கப்பலைக் கண்டான்’ என்றுதான் வரும்.

அப்புறம் சொற்கள். கடல் கதை என்றால் திருகோணமலைக்காரருக்கு வேறு அகராதி தேவையில்லை. தெரியாத சொற்களை ஒரு கொப்பியில் எழுதி, காலையில் கரைவலை இழுக்கும் இடத்துக்குப் போங்கள். ஆறடி ஆழத்தை அளக்கும் ஆங்கிலச் சொல் ஒன்று எல்லாக் கடல் கதையிலும் வரும், அதற்கு என்ன எழுதுவது என்று நான் நாள்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தேன். வலையடியில் ஒரு ஐயாவிடம் கேட்டபோது, கையிலிருந்த கயிற்றை இரண்டு பக்கமும் விரித்து நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்துப் பிடித்து, “இது ஒரு பாகம் மகள்” என்றார். ஆங்கிலச் சொல்லும் விரித்த இரண்டு கைகளின் நீளத்திலிருந்து வந்ததுதான். இப்போது என் கதையில் மாலுமி ‘எட்டுப் பாகம்!’ என்று கத்தும்போது பிள்ளைகள் தாங்களும் கையை விரிக்கிறார்கள். இப்படியே வள்ளத்தின் முன்பக்கத்துக்கு அணியம், கப்பலை நடத்துகிறவருக்குத் தண்டையல், கடலுக்கு அடியில் இருக்கும் பவளப் பாறைக்கு முருகைக்கல். நிலாவெளிக் கடலில் இருக்கும் புறாத்தீவுக்குப் போய்வந்த பிள்ளைக்கு முருகைக்கல்லை விளக்கவே தேவையில்லை.

காற்றுக்கும் அப்படித்தான், மேற்கிலிருந்து வீசினால் கச்சான், வடக்கிலிருந்து என்றால் வாடை. ஆனால் ஒன்று, ‘கச்சான் வந்தது’ என்று மட்டும் எழுதினால் பிள்ளைகளுக்குக் கோயில் திருவிழாவில் சரையில் சுற்றி விற்கும் கச்சான்தான், அதாவது நிலக்கடலைதான் ஞாபகம் வரும். நான் ஒவ்வொரு தடவையும் ‘கச்சான் காற்று’ என்றே எழுதுகிறேன்.

பாட்டு வந்தால் பயப்படாதீர்கள். 1883இல் நூலாக வந்த ஸ்டீவன்சனின் புதையல் தீவுக் கதையில் மாலுமிகள் நங்கூரத்தைத் தூக்கும்போது ஒருவர் பாட மற்றவர்கள் சேர்ந்து பாடுவார்கள். நம்மிடம் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு இருக்கிறது, அதுவும் ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ஏலேலோ போடுவதுதான். இரண்டும் சேர்ந்து பாரமான வேலை செய்கிறவர்களின் பாட்டு. ஆகவே சொல்லுக்குச் சொல் போகாமல் அம்பாவின் தாளத்தை எடுத்து, அதில் கதைக்கு வேண்டிய பொருளை வையுங்கள். எழுதி முடித்ததும் நாலு பிள்ளைகளுக்கு ஒரு கயிற்றைக் கொடுத்துப் பாடவிடுங்கள், இழுவைக்குப் பொருந்தாத அடி தானாகத் தெரியும்.

மாயக் கதைகளில் சிக்கல் வேறு. டிராகனை யாளி என்று மாற்றலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். யாளியைப் பிள்ளை கோயில் தூணில் பார்த்திருக்கிறது, அதற்குச் சிங்க உடம்பு, தும்பிக்கை. கதையில் அது நெருப்பைக் கக்கிக்கொண்டு பறந்தால் இரண்டு படமும் கெட்டுப்போகும். டிராகன் டிராகனாகவே இருக்கட்டும். பூதம், சூனியக்காரி, மந்திரக்கோல் போன்றவற்றுக்கு நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. இல்லாததற்கு வந்த பெயரை அப்படியே தமிழில் எழுதி, முதல் தடவை வரும்போது அது எப்படி இருக்கும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

பெயரைவிட முக்கியம், மாயத்தைச் சொல்லும் குரல். ஆங்கிலத்தில் ‘போலத் தோன்றியது’ என்ற பாணி அடிக்கடி வரும், அத்தனையையும் தமிழில் கொண்டுவந்தால் மாயம் நீர்த்துவிடும். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் இராவணன் வெட்டைக் காட்டி அம்மம்மா எப்படிச் சொல்வார்? ‘வாளால ஒரு வெட்டு வெட்டினான், மலை பிளந்துபோச்சு.’ அவ்வளவுதான். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளின் கதையும் அதே நிச்சயத்தோடுதான் சொல்லப்படுகிறது. அந்தக் குரலில் எழுதுங்கள்.

உரையாடலில் நீ, நீங்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல், நமக்கு அப்படி இல்லை. நான் ஒரு தாளில் யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவிடுவேன். பையன் தண்டையலை ‘நீங்கள்’ என்கிறான், தண்டையல் அவனை ‘தம்பி, நீ’ என்கிறார். அந்தப் பையனே பிறகு அவரைத் துரோகி என்று அறிந்து ‘நீ’ என்று மாறும் இடத்தில் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். ஆங்கிலத்தில் இல்லாத ஒரு திருப்பத்தை நம் மொழி தந்துவிட்டது, அதை வீணாக்காதீர்கள்.

இந்தியாவில் அச்சான மொழிபெயர்ப்புகளையும் நாங்கள் விரும்பி வாசிக்கிறோம். ஆனால் இங்கே உள்ள சின்னப் பிள்ளைகளுக்கு எழுதும்போது கதிரை, சப்பாத்து, யன்னல் என்றே எழுதுங்கள். ஜான் என்பதை ஜோன் என்றும் டாம் என்பதை டொம் என்றும்தான் இங்கே எழுதிப் பழக்கம். பனியை மழையாக்க வேண்டாம், ‘வெண்பனி’ என்று எழுதி, பிள்ளை காணாததைக் காணட்டும்.

அளவுகளை மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜூல் வேர்ணின் கதைத் தலைப்பிலுள்ள இருபதாயிரம் லீக்கை ஆழம் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே ஒரு லீக் 4 கிலோமீற்றர், மொத்தம் 80,000 கிலோமீற்றர், பூமியை இரண்டு தடவை சுற்றுகிற தூரம். அவ்வளவு ஆழமான கடல் எங்கேயும் இல்லை, அது நீருக்கு அடியில் கப்பல் ஓடிய தூரம். தலைப்பைத் தமிழாக்கும்போது இது தெளிவாக வரவேண்டும்.

எழுதி முடித்த அத்தியாயத்தை 14 அளவு எழுத்தில் அச்செடுத்து, போட்டோகொப்பி போட்டுத் தைத்துக் கொடுத்தால் போதும். கதையில் வரைபடம் இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். ஸ்டீவன்சனின் கதையே 1881இல் அவர் மனைவியின் மகனோடு இருந்தபோது வரைந்த ஒரு தீவு வரைபடத்திலிருந்து பிறந்ததுதான். பிள்ளைகளிடம் வெள்ளைத்தாளைக் கொடுத்து வரையச் சொல்லுங்கள், மலை, குடா, ஓடை எல்லாவற்றுக்கும் தமிழ்ப் பெயர் எழுதட்டும், அந்தப் பெயர்கள் உங்கள் அத்தியாயத்தில் இருக்கும் அதே எழுத்துக்கூட்டலோடு இருக்கிறதா என்று மட்டும் நீங்கள் சரிபாருங்கள்.