வாளியைக் கீழே வையுங்கள்: ஸ்காட்லாந்துக் கல்லறைத் தோட்டங்களில் தன்னார்வலர்கள் செய்யும் தவறுகள்

ஸ்காட்லாந்தின் பழைய தேவாலயக் கல்லறைத் தோட்டங்களைச் சீரமைக்க வரும் தன்னார்வலர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது வாளியையும் பிரஷ்ஷையும்தான். முந்நூறு ஆண்டுகள் மழையும் உறைபனியும் விட்டுவைத்த எழுத்தை ஒரு கம்பி பிரஷ் அரை மணி நேரத்தில் தின்றுவிடும்.

பழைய கற்களில் பெரும்பாலானவை மணற்கல். நம் ஊர்க் கருங்கல் கல்வெட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதன் மென்மை எளிதில் பிடிபடாது. அது தண்ணீரைக் குடிக்கும்; குடித்த தண்ணீர் உறைந்து விரியும்; மேல்தோல் அடுக்கடுக்காகக் கழன்று நிற்கும். விரல் மூட்டால் மெல்லத் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பது போன்ற ஒலி வரும். அப்படிப்பட்ட கல்லை யாரும் தொடவே கூடாது. உயர் அழுத்தத் தண்ணீர், அமிலம், பிளீச்சிங் திரவம் எதுவும் எந்தக் கல்லுக்கும் ஆகாது. பிளீச்சிங் திரவம் விட்டுச்செல்லும் உப்பு கல்லுக்குள் படிகமாகி, நாம் வீடு திரும்பிய பிறகும் தன் வேலையைத் தொடரும். புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் நூல்கூடக் கல்லின் அடியை அரித்துவிடும். கல்லை ஒட்டிய புல்லைக் கையால் வெட்டுவதே நல்லது.

கல்லின்மேல் சாம்பலும் மஞ்சளுமாகப் படர்ந்திருப்பதை அழுக்கு என்று சுரண்டுவது அடுத்த தவறு. அது செட்டிநாட்டு மசாலாவில் போடும் கல்பாசியின் உறவு. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராத வகைகளும் அதில் உண்டு. உள்ளங்கை அகல வட்டம் ஒன்றைச் சுரண்டினால், ஒரு நூற்றாண்டைச் சுரண்டியதாக இருக்கலாம்.

அப்படியானால் மங்கிய எழுத்தை எப்படிப் படிப்பது? சாக்பீஸ், மாவு, சவர நுரை பூசும் பழக்கம் இன்னும் இருக்கிறது, மூன்றும் வேண்டாம். ஒரு நிலைக்கண்ணாடி போதும். ஒருவர் சற்றுத் தள்ளி நின்று வெயிலைக் கண்ணாடியில் பிடித்துக் கல்லின் முகத்தில் பக்கவாட்டாகச் சாய்த்து வீச வேண்டும். வெறுமையாகத் தெரிந்த இடத்தில் பள்ளங்கள் நிழல் கட்டும். முதலில் ஒரு எண், பிறகு பெயரின் பாதி எழும். வெயில் இல்லாத நாளில் (அங்கே அதற்குப் பஞ்சமில்லை) கருப்புத் துணியால் மறைத்து டார்ச் அடித்தால் அதே பலன் கிடைக்கும். கோணத்தை மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுத்துவிடுங்கள்.

கல்லில் உள்ளதைப் பார்த்து எழுதிப் படி எடுக்கும்போது நடக்கும் தவறுகள்தான் எனக்கு அதிகக் கவலை தருபவை. உடைந்த கல் கண்ணுக்குத் தெரியும். தவறான படி தெரியாது, அடுத்த தலைமுறை அதை நம்பிவிடும். ஸ்காட்லாந்தில் பிறப்பு, இறப்புகளைக் கட்டாயமாகப் பதிவது 1855இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய அடக்கப் பதிவேடுகள் ஓட்டையும் உடைசலும் என்பதால், பலருக்கு அந்தக் கல் ஒன்றே சாட்சி. மனைவியின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரையே பொறிப்பது அங்கே வழக்கம். வம்சம் தேடுவோருக்கு அது பொக்கிஷம். ‘கணவன் பெயரோடு ஒட்டவில்லையே, கல்தச்சர் பிழை’ என்று அதைத் திருத்துவது மன்னிக்க முடியாதது. எழுத்து இடவலமாகத் திரும்பியிருந்தால் அதையும் குறியுங்கள். வரி எங்கே முறிகிறதோ அங்கேயே முறியுங்கள். ஐயமான எழுத்தை அடைப்புக்குறிக்குள் இடுங்கள். ஊகத்தை உறுதியாக எழுதாதீர்கள். பெயர் இருப்பதால் உடலும் அங்கே இருக்கிறது என்று முடிவு செய்வதும் தவறு. சென்னையிலும் இலங்கையிலும் இறந்து அங்கேயே அடக்கமான மகன்களின் பெயர்களையும் பெற்றோர் தங்கள் ஊர்க் கல்லில் பொறித்தார்கள்.

கல்லின் பின்புறம் போக மறப்பவர்களும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டுக் கற்களில் பெயர் ஒரு பக்கம், மண்டையோடும் மணற்கடிகாரமும் மறுபக்கம் என்று இருக்கும். நெசவாளருக்குத் தறி நாடா, தையற்காரருக்குக் கத்தரியும் இஸ்திரிப்பெட்டியும், கொல்லருக்குச் சுத்தியலும் கிரீடமும்: தொழிலைச் சொல்வது பல இடங்களில் படம் மட்டுமே.

சாய்ந்த கல்லை நால்வர் சேர்ந்து நிமிர்த்திச் சிமெண்ட் போட்டு இறுக்குவது ஆபத்தானது. 2015இல் கிளாஸ்கோ நகரக் கல்லறைத் தோட்டம் ஒன்றில் கல் விழுந்து எட்டு வயதுச் சிறுவன் இறந்தான். கல்லை நிமிர்த்துவது பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை. சிமெண்ட்டும் மணற்கல்லுக்குப் பகை. பழுது பார்ப்போர் சுண்ணாம்புக் காரையையே நாடுவார்கள்.

அனுமதி பெறாமல் மண்ணைத் தொடாதீர்கள். 1925ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பழைய கல்லறைத் தோட்டங்களில் பெரும்பாலானவை உள்ளாட்சி மன்றத்தின் பொறுப்பில் இருக்கின்றன. கல்லோ அந்தக் குடும்பத்தின் வாரிசுகளுக்கு உரியது. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் ‘ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து’ அமைப்பின் ஒப்புதலும் வேண்டும். எலும்பு தென்பட்டால் வேலையை நிறுத்திவிட்டுக் காவல்துறைக்குச் சொல்லுங்கள். புல்லுக்கடியில் கிடக்கும் பலகைக் கல் உறைபனியிலிருந்து தப்பியிருப்பது அந்தப் புல்லால்தான். திறந்தால், பதிவு செய்துவிட்டு மூடிவிடுங்கள்.

கிளாஸ்கோவின் கோவன் பழைய தேவாலயத்தில் 1973இல் பக்கத்துக் கப்பல் கட்டும் தளத்தை இடித்தபோது, மதிலோரம் நின்ற இடைக்காலச் செதுக்குக் கற்களை இடிபாடு என்று நினைத்துவிட்டார்கள். அவை அழிந்தே போயின என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். 2019இல் தொல்லியலாளர்கள் நடத்திய சமூக அகழாய்வில், 14 வயது பள்ளி மாணவர் ஒருவர் தரையைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் ஏதோ தட்டுப்பட்டது. அந்த அகழாய்வில் மூன்று கற்கள் மீண்டும் வெளியே வந்தன.