சைக்கிளுக்குத் தலைக்கவசம் தேவையா? முடிவெடுப்பதும் முறையாக அணிவதும்

சைக்கிள் ஓட்டுபவர் தலைக்கவசம் அணிய வேண்டுமா என்ற விவாதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. கீழே விழுந்தால் கவசம் தலையைக் காக்குமா என்பது ஒன்று. அணியாதவருக்கு அரசு அபராதம் விதிக்கலாமா என்பது மற்றொன்று. உங்களுக்கோ பிள்ளைக்கோ தலைக்கவசம் வாங்குவதா வேண்டாமா என்று யோசிக்கும்போது, முதலில் இவ்விரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு ஆம் என்றும் மற்றொன்றுக்கு இல்லை என்றும் சொல்வதில் எந்த முரண்பாடும் இல்லை.

சட்டக் கேள்வி நம்மை நேரடியாகத் தொடுவதில்லை. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு மோட்டார் சைக்கிளில் செல்வோருக்குத்தான் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. மிதித்து ஓட்டும் சைக்கிளை அது குறிப்பிடவில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலமோ 1990 ஜூலை 1 முதல் எல்லா வயதினருக்கும் அதைக் கட்டாயமாக்கியது. மற்ற மாநிலங்கள் அடுத்த இரண்டு ஆண்டுகளில் அதே வழியில் சென்றன. 1994இல் நியூசிலாந்தும் சேர்ந்துகொண்டது. விக்டோரியாவில் கவசம் அணிவோர் ஓராண்டுக்குள் 31 விழுக்காட்டிலிருந்து 75 விழுக்காடாக உயர்ந்தனர், தலைக்காயங்களும் குறைந்தன. ஆனால் மெல்போர்ன் தெருக்களில் எடுத்த கணக்கெடுப்பில், சைக்கிளில் செல்லும் பதின்வயதினரின் எண்ணிக்கையும் குறைந்திருந்தது. ஆகவே காயம் குறைந்தது கவசத்தாலா, ஓட்டுபவர்கள் குறைந்ததாலா என்ற விவாதம் முப்பது ஆண்டுகளைக் கடந்தும் தீரவில்லை. அமெரிக்காவில் சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் கவுண்டி, வீடற்றவர்களும் கறுப்பினத்தவரும்தான் இச்சட்டத்தில் அதிகம் பிடிபடுகிறார்கள் என்ற காரணத்தால் 2022 பிப்ரவரியில் தன் தலைக்கவச விதியையே நீக்கிவிட்டது. நீக்கிய பின்னும் அணியுமாறு மக்களை ஊக்குவிப்பதை அது கைவிடவில்லை.

கவசம் காக்குமா என்ற கேள்விக்கு எண்களைக் கொண்டு பதில் தேடுகிறீர்கள் என்றால், 85 விழுக்காடு என்ற எண்ணைக் கண்டதும் சற்று நிதானியுங்கள். அதே சியாட்டிலில் நடந்து 1989இல் வெளியான ஆய்வு, தலைக்காய அபாயத்தைத் தலைக்கவசம் அந்த அளவுக்குக் குறைப்பதாகச் சொன்னது. பிந்தைய ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. அமெரிக்க அரசு அமைப்புகளே 2013இல் அந்த எண்ணைத் தங்கள் பக்கங்களிலிருந்து எடுத்துவிட்டன. 40 ஆய்வுகளையும் காயமுற்ற 64,000க்கும் மேற்பட்ட சைக்கிளோட்டிகளையும் சேர்த்துப் பார்த்து 2016இல் வெளியான தொகுப்பாய்வு அபாயம் தலைக்காயத்துக்கு 51 விழுக்காடும், கடுமையான தலைக்காயத்துக்கு 69 விழுக்காடும் குறைவதாகக் கணித்தது. இது ஏற்கெனவே விபத்துக்குள்ளானவர்களைப் பற்றிய கணக்கு என்பதையும் மறக்கக் கூடாது. விபத்து நேராமல் தடுப்பது சாலையும் பிரேக்கும் விளக்கும் ஓட்டுநர்களும்தானே தவிர, தலையில் இருக்கும் கவசம் அல்ல.

அதன் வேலை என்ன என்பது அது செய்யப்பட்டிருக்கும் விதத்திலேயே தெரியும். மேலே மெல்லிய பிளாஸ்டிக் ஓடு. உள்ளே தெர்மோகோல் வகையைச் சேர்ந்த கெட்டியான நுரை. மோதும்போது அந்த நுரை நசுங்கி, தலை ஒரே நொடியில் நின்றுவிடாமல், மிகச் சிறிதளவேனும் கூடுதல் நேரம் எடுத்து நிற்கச் செய்கிறது. ஐரோப்பாவின் ஈஎன் 1078 தரச் சோதனையில், கவசம் மாட்டிய போலித் தலையைச் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து இரும்புப் பரப்பின்மீது விழச் செய்கிறார்கள்; அப்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 20 கி.மீ. அதாவது, ஓட்டுபவர் சைக்கிளிலிருந்து தரையில் விழும் விழுகைக்காகவே இது வடிவமைக்கப்பட்டது. பேருந்து மோதுவதற்காக அன்று.

இதை மனத்தில் வைத்து உங்கள் பயணத்தை எடைபோடுங்கள். நெதர்லாந்தில் தனிப்பாதையில் நிமிர்ந்து உட்கார்ந்து மெதுவாக அலுவலகம் செல்பவர் பெரும்பாலும் வெறுந்தலையுடன்தான் செல்கிறார். அதே நாட்டில் குனிந்து வேகமாக ஓட்டும் பந்தய சைக்கிள்காரர் தலைக்கவசம் இல்லாமல் வெளியே வருவது அரிது. உலக சைக்கிள் பந்தய அமைப்பு 2003இல், பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் விழுந்து தலையில் அடிபட்டு ஆந்த்ரே கிவிலெவ் இறந்த பிறகு, தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. 1991இல் அதே பந்தயத்தில் இத்தகைய விதியை எதிர்த்து வீரர்கள் போராடியிருந்தார்கள். என் அளவுகோல் இதுதான்: மணிக்கு 20 கி.மீ.யைத் தாண்டும் ஓட்டம், லாரியும் பேருந்தும் உரசிச் செல்லும் சாலை, மழையில் குழி தெரியாத தெரு, இருட்டு, இப்போதுதான் ஓட்டப் பழகும் பிள்ளை. இவற்றில் ஒன்று இருந்தாலும் அணிவது நல்லது. தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கப் போகும் பெரியவரை அணியச் சொல்லி நான் வற்புறுத்த மாட்டேன். அணிந்தவரை வாகனங்கள் அதிகம் நெருங்கிக் கடக்கின்றன என்று இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் 2006இல் அளந்து சொன்ன வேறுபாடு 8.5 செ.மீ. மட்டுமே, அதன் பொருளைப் பின்னர் வேறு ஆய்வாளர்கள் மறுத்துள்ளதால், அதை மட்டும் காரணமாக வைத்துக் கவசத்தைக் கழற்ற வேண்டியதில்லை.

அணிவதென்று முடிவுசெய்தால், வீட்டில் கிடக்கும் பைக் ஹெல்மெட்டை எடுக்காதீர்கள். அது ஒரு கிலோவுக்கும் மேல் எடையுள்ளது, காற்றுப் புகாது, பின்னால் வரும் வண்டியின் ஓசையையும் மட்டுப்படுத்தும். சித்திரை வெயிலில் மிதித்துக்கொண்டு அதைத் தாங்க முடியாது. சைக்கிள் கவசம் 250 முதல் 350 கிராம் வரைதான் இருக்கும். உட்புறத்தில் ஈஎன் 1078 அல்லது அமெரிக்காவின் சிபிஎஸ்சி என்ற தரக்குறி ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்; அது இல்லாத பளபளப்பான பொருளை விளையாட்டுச் சாமானாகவே கருத வேண்டும். புருவத்துக்குச் சற்று மேலே தையல் நாடாவால் தலையைச் சுற்றி அளந்துகொண்டு அதற்கேற்ற அளவை வாங்குங்கள். வளரும் பிள்ளைதானே என்று பெரிதாக வாங்குவது சட்டைக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

அணியும் முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். கவசத்தின் முன்விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அளவில் இருக்க வேண்டும். பின்னுக்குத் தள்ளி நெற்றியைத் திறந்து விட்டால், முன்னால் விழும்போது அடி நேரே நெற்றியில்தான் படும். பின்புறத் திருகை முறுக்கி, வாரைப் பூட்டாத நிலையிலேயே தலையை ஆட்டினால் அசையாத அளவுக்கு இறுக்குங்கள். இருபக்க வார்களும் காதுமடலுக்குச் சற்றுக் கீழே ஒன்றுசேர வேண்டும். தாடை வாருக்கும் தோலுக்கும் இடையில் ஒரு விரல் நுழையலாம்; கொட்டாவி விடுவதுபோல் வாயை அகலத் திறந்தால் கவசம் உச்சியில் சற்று அழுத்துவது தெரிய வேண்டும். உயரக் கொண்டை போட்டால் கவசம் படியாது. கூந்தலைப் பிடரியில் தாழ்வாகக் கட்டிக்கொள்வது நல்லது. பிள்ளை சைக்கிளை நிறுத்திவிட்டு ஊஞ்சலிலோ மரத்திலோ ஏறப் போனால், முதலில் கவசத்தைக் கழற்றச் சொல்லுங்கள். கிளையிடுக்கில் கவசம் சிக்கினால் தாடை வார் கழுத்தை நெரித்துவிடும்.

உள்ளே ஒட்டியிருக்கும் துணிப் பட்டைகளைச் சோப்பு நீரில் அலசி நிழலில் உலர்த்தினால் போதும். பெயின்ட், தின்னர் எதுவும் நுரையின்மேல் படக் கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் வைக்க வேண்டாம். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தின் நுரை உள்ளே நசுங்கியிருக்கும், வெளியே கீறல்கூடத் தெரியாது. அதன் பயன் அன்றோடு முடிந்தது. தூக்கிப் போடுமுன் வார்களைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் பழைய சாமான் கடை வழியாக அது வேறொரு பிள்ளையின் தலைக்குப் போய்ச் சேரும்.