இறால் தொட்டிக்கு ஃபில்டர் வாங்கப் போறீங்களா, மொதல்ல அதோட வாயைப் பாருங்க

வளர்ப்பு மீன் கடைக்குப் போனா தவுக்கே, அதான் கடை முதலாளி, மொத கேள்வியே "தொட்டி எத்தனை அடி"ன்னுதான் கேப்பாரு, நீங்க அடியைச் சொன்னதும் ஒரு பொட்டியை எடுத்து நீட்டுவாரு, அது மேல மணிக்கு இத்தனை லிட்டர்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கும். மீனுக்கு அந்தக் கணக்கு போதும். இறாலுக்குன்னா பொட்டியைப் பிரிச்சு தண்ணி இழுக்குற வாய் எப்படி இருக்குன்னு பாத்துட்டுத்தான் காசை நீட்டணும். கண்ணாடித் தொட்டியில அழகுக்கு வளக்குற செர்ரி இறால் குஞ்சு பொரிச்சு வரும்போது ரெண்டு மில்லிமீட்டர் சுத்துலதான் இருக்கும், கால் மீசை எல்லாம் பெருசு மாதிரியேதான், ஆனா பொடி. சாதா ஃபில்டர் வாயில இருக்குற கீறல் அதுக்கு வாசக்கதவு மாதிரி.

நான் இதைப் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். நம்ம வீடு மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம், முதல் தொட்டி ஒன்றரை அடி, பின்னால மாட்டுற ஃபில்டர் ஒண்ணு போட்டிருந்தேன், தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சு, மூணு தாய் இறால் வயித்துக்கடியில முட்டையைச் சுமந்துக்கிட்டு திரிஞ்சுச்சு, முட்டையும் காணாமப் போச்சு, ஆனா குஞ்சு ஒண்ணையும் காணோம். ரெண்டு மாசம் கழிச்சு கழுவலாம்னு ஃபில்டர் மூடியைத் தொறந்தா, அடியில படிஞ்ச பழுப்புச் சேத்துல ஏழெட்டு குஞ்சு ஜாலியா மேஞ்சுக்கிட்டு இருக்கு! உள்ள சுத்துற விசிறியைத் தாண்டி தப்பிச்சது அதுங்க, தப்பிக்காதது எத்தனைன்னு யாருக்குத் தெரியும். அப்புறம் அக்காவோட பழைய ஸ்டாக்கிங்கை வெட்டி வாயில கட்டிப் பாத்தேன், மூணே நாள்ல அடைச்சுக்கிச்சு. அந்த மாதிரி ஃபில்டர் ஏற்கனவே கையில இருந்தா தூக்கிப் போடாதீங்க, வாய்க்கு மாட்டுற ஸ்பான்ஜ் உறை தனியா விக்கிறாங்க, அது போதும், வாரம் ஒருதடவை பிழிஞ்சு விடணும் அவ்ளோதான்.

புதுசா வாங்குறவங்களுக்கு நான் கண்ணை மூடிக்கிட்டு சொல்றது ஸ்பான்ஜ் ஃபில்டர், ஏர் பம்ப்ல ஓடுறது. குழாய்க்குள்ள காத்துக் குமிழி மேல ஏறும்போது பின்னாலயே தண்ணியையும் இழுத்துக்கிட்டுப் போகும், அந்தத் தண்ணி ஸ்பான்ஜ் வழியாத்தான் வந்தாகணும், அழுக்கு அதுல நிக்கும், இறால் கழிவுல வர்ற அம்மோனியாவைத் தின்னுற பாக்டீரியாவும் அதுலயே குடியிருக்கும். இழுப்பு மெதுவா இருக்கிறதால குஞ்சு மாட்டாது. இன்னொரு லாபம், ஸ்பான்ஜ் மேல வழவழன்னு ஒரு படலம் வரும், இறாலுக்கு அதுதான் நாள் முழுக்கச் சாப்பாடு, ராத்திரி லைட் அடிச்சுப் பாருங்க, தொட்டியில இருக்கிறது பாதி அது மேலதான் உக்காந்து சொறண்டிக்கிட்டு இருக்கும்.

நம்ம ஊர் சூட்டுக்கும் இதுதான் தோது. தகரக் கூரை வீட்டுல மத்தியானம் தண்ணி 30 டிகிரியை சாதாரணமா தொட்டுரும், 20 டிகிரி தண்ணி லிட்டருக்கு 9 மில்லிகிராம் சுத்துல ஆக்ஸிஜன் பிடிச்சு வைக்கும்னா 30 டிகிரியில அது ஏழரைக்கு இறங்கிடும், அதனால குமிழி வந்து உடைஞ்சு தண்ணி மேல்பரப்பு எந்நேரமும் அசைஞ்சுக்கிட்டே இருக்கணும். தண்ணிக்குள்ள முக்குற மோட்டார் ஃபில்டரை நான் வேணாம்னு சொல்றதும் இதுக்குத்தான், மோட்டார் சூடு முழுக்க தண்ணிக்குள்ள, சின்ன தொட்டின்னா தெரியும்லா. மண்ணுக்கடியில போடுற ஃபில்டர் பேச்சே வேணாம், செடி மண்ணு போட்ட தொட்டியில அது அடைச்சுக்கும்.

சைஸ்னு பாத்தா, ஒரு அடிக்கு ஒரு அடி கியூப் தொட்டி 28 லிட்டர் சுத்துல வரும், சின்ன ஸ்பான்ஜ் ஒண்ணு போதும். ரெண்டடி தொட்டின்னா ரெட்டை ஸ்பான்ஜ் உள்ளதா வாங்குங்க, ஒரு மாசம் ஒண்ணைக் கழுவி அடுத்த மாசம் இன்னொண்ணைக் கழுவலாம், பாக்டீரியா மொத்தமா போகாது. கழுவுறதை பைப் தண்ணியில கழுவாதீங்க, குளோரின் அத்தனையும் கொன்னுரும், தொட்டித் தண்ணியையே வாளியில எடுத்து நாலு பிழி பிழிஞ்சா சரி. வாங்கும்போது ஸ்பான்ஜ் ஓட்டை பொடிசா இருக்கான்னு பாருங்க, பாத்திரம் தேய்க்கிற ஸ்பான்ஜ் மாதிரி ரொம்ப நெருக்கமாவும் இருக்கக்கூடாது, சீக்கிரம் அடைக்கும்.

ஏர் பம்ப் வாங்கும்போது கூடவே ஒரு பக்கம் மட்டும் காத்தை விடுற செக் வால்வு ஒண்ணு வாங்கிருங்க, ஒண்ணு ரெண்டு வெள்ளிதான் (ரிங்கிட்), அதுல போய் கஞ்சத்தனம் பாக்காதீங்க. நான் பாத்தேன். பம்பை தரையில வச்சிருந்தேன், சாயங்காலம் இடி இடிச்சு கரண்டு டிரிப் ஆனதும் தண்ணி டியூப் வழியா திரும்பி இறங்கி பம்பும் போச்சு, பாயும் நனைஞ்சுச்சு, அம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக்கதை. வால்வை வாயில வச்சு ஊதிப் பாருங்க, காத்து போற பக்கம் தொட்டியைப் பாத்து இருக்கணும்.

செடி விஷயத்துல ஒண்ணே ஒண்ணு. பாசி, ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், கிரிப்டோ இதெல்லாம் கார்பன் டை ஆக்ஸைடு தனியா கேக்காது, ஸ்பான்ஜோட நல்லாவே வளரும். தரை முழுக்க புல்லு மாதிரி வளக்கணும்னு ஆசைப்பட்டு அந்த கேஸுக்கு சிலிண்டர் வச்சீங்கன்னா ஸ்பான்ஜ் ஃபில்டரோட குமிழி கேஸை எல்லாம் வெளிய அடிச்சுரும், அப்ப தொட்டிக்கு வெளிய வைக்கிற கேனிஸ்டர் ஃபில்டருக்குத்தான் போகணும், வாய்க்கு ஸ்பான்ஜ் உறை மாட்டி, வெளிய விடுற பைப்பை கண்ணாடியைப் பாத்துத் திருப்பி விடுங்க.

எதை வாங்கினாலும் அன்னைக்கே இறாலை வாங்கிட்டு வராதீங்க, அந்த பாக்டீரியா குடியேறுற வரைக்கும் இறால் போடாத தொட்டியில நாலுலேர்ந்து ஆறு வாரம் ஓடட்டும். அவசரம்னா தெரிஞ்சவங்க தொட்டியில ஓடின பழைய ஸ்பான்ஜை கேட்டு வாங்கி ஈரம் காயாம கொண்டாந்து போடுங்க.

அப்புறம் கொசுப் புகை. தாமான்ல, அதான் குடியிருப்புல, டெங்கின்னு சொல்லி புகை அடிக்க வந்தாங்கன்னா, இல்ல வீட்டுல யாராச்சும் கொசு ஸ்பிரே அடிச்சாங்கன்னா, ஏர் பம்ப் அந்தக் காத்தை அப்படியே உறிஞ்சி தண்ணிக்குள்ள விட்டுரும், அந்த மருந்துக்கு மீனை விட இறால் சீக்கிரம் சாகும். சத்தம் கேட்டதும் பம்பை நிறுத்தி, தொட்டியை பிளாஸ்டிக் ஷீட்டால மூடி, சன்னலைச் சாத்திருங்க, ஒரு மணி நேரம் கழிச்சு வீட்டை நல்லா தொறந்து விட்டு வாடை போனதும் பம்பைப் போடுங்க.