வைஃபை போன்ல பேசிட்டே நடந்தா குரல் உடையுதா? என் அனுபவம்
எங்க ஆபீஸ்ல வைஃபை போன்ல பேசிட்டே ஸ்டோர் ரூம் பக்கம் நடந்தா குரல் விட்டு விட்டு வரும், ஒரே இடத்துல நின்னா சுத்தமா இருக்கும். போன்லயே சிக்னல் பாத்தேன், ரெண்டு ஆக்சஸ் பாயிண்ட் (ஏபி, வைஃபை சிக்னல் தர்ற பெட்டி) தாண்டியும் பழசையே மைனஸ் 80 டிபிஎம்ல, அதாவது ரொம்ப வீக்கான சிக்னல்ல, பிடிச்சு தொங்கிட்டு இருக்கு, தலைக்கு நேர் மேல புதுசு இருக்கு! காரணம், எல்லா ஏபிலயும் பவர் ஃபுல், அது கத்துறது போனுக்கு கேக்கும், போன் பேசுறது அதுக்கு எட்டாது. பவரைக் குறைச்சு, போனை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்தி, குறைஞ்சபட்ச டேட்டா வேகம் 12 எம்பிபிஎஸ்னு வெச்சேன். குரலுக்கு எங்க நின்னாலும் சிக்னல் மைனஸ் 67 டிபிஎம்முக்கு கீழ இறங்காம பாத்துக்கோங்க. அப்புறமும் மதியத்துல கரகரன்னு வந்துச்சு, நோண்டிப் பாத்தா நெட்வொர்க் ஸ்விட்ச்சோட போர்ட், குரலுக்கு முன்னுரிமை குடுக்கச் சொல்ற டிஎஸ்சிபி 46ங்கிற குறியை அழிச்சு 0 ஆக்கிட்டு இருக்கு, அந்தக் குறியை மாத்தாம அப்படியே ஏத்துக்கற மாதிரி (டிரஸ்ட்) வெச்சதும் குரல் கணீர்னு வந்துருச்சு.