வெள்ள இரவில் யார் முடிவெடுப்பது? டர்பன் கோயில் சங்கங்களுக்கு ஒரு வழிகாட்டி

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பன் வட்டாரத்தின் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது; டர்பன் அமைந்துள்ள தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400க்கும் அதிகமானோர் இறந்தனர். புவி வெப்பமடைந்ததால் இத்தகைய பெருமழைக்கான வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டதாக ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். எனவே, மறுபடியும் வரும் என்ற கணக்கிலேயே சங்கத்தின் தலைமையை அமைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வேலை, வெள்ள நேரத்தில் முடிவெடுக்கும் உரிமையை ஓடையோரம் குடியிருப்பவர்களிடம் ஒப்படைப்பது. பால்மியட் ஆற்றங்கரையில் உள்ள குவாரி ரோடு வெஸ்ட் குடிசைப் பகுதியில் நகராட்சி அலுவலர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் குடியிருப்பாளர்களும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருந்தனர்; எச்சரிக்கை வந்ததும் அங்குள்ளவர்களே கதவு கதவாகத் தட்டி அண்டை வீட்டாரை எழுப்பினர். 2022இல் அங்கே வீடுகள் பல போயின. உயிர்களைக் காத்தது இந்த ஏற்பாடுதான்.

அடுத்து, வானிலைத் துறை ஆரஞ்சு எச்சரிக்கை விடுத்தவுடன், செயற்குழு கூடும்வரை காத்திராமல் மண்டபத்தைத் திறக்கலாம் என்று ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். சாவிக்கொத்து தலைவரின் கையிலேயே இருப்பது நம் வழக்கம். நடந்தே வந்துவிடும் தொலைவில் உள்ள இரண்டு பெண்களிடம் மாற்றுச் சாவி இருக்கட்டும். தலைவர் முகம் சுளித்தால், 1875இல் உம்பிலோ ஆற்றங்கரையில் எழுந்த கோயில் 1905 வெள்ளத்தில் அழிந்ததையும், அதிலிருந்து மீட்ட கதவுகள் இன்று பெலேர் சாலைக் கோயிலில் இருப்பதையும் நினைவூட்டலாம்.

அறிவிப்புகளை ஆங்கிலத்திலும் சுலுவிலும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே குறைவு, ஓடையோரம் வாழும் அண்டை வீட்டாரோ பெரும்பாலும் சுலு பேசுபவர்கள். "ஓடை ஏறுகிறது, மண்டபம் திறந்திருக்கிறது, இப்போதே வாருங்கள்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

புரட்டாசியில் விரதக்காரர்கள் கோயிலில் திரள்வார்கள். இங்கே கோடை மழை தொடங்குவதும் ஏறத்தாழ அப்போதுதான். வடிகால் தூர்வாருவதையும் ஒத்திகையையும் அந்த மாதத்திலேயே முடித்துவிடுங்கள். 2022 வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட் ஊரின் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து பல மாதங்கள் குழாய்கள் வறண்டு கிடந்ததால், மண்டபக் கூரை நீரைச் சேமிக்கத் தொட்டியும் அவசியம்.

மழை பொய்த்தாலும் மண்டபத்தைத் திறந்தவரை யாரும் கேள்வி கேட்கக்கூடாது என்பதையும் அதே தீர்மானத்தில் சேர்த்து, தேநீர், ரொட்டி, போர்வைச் செலவுக்குச் சிறு தொகையைத் தனியே ஒதுக்கி வையுங்கள்.