பெங்களூருவில் காவிரிக் குழாய்நீரின் விலையைக் கணக்கிடுவது எப்படி?

அல்சூரிலோ சிவாஜிநகரிலோ தனி இணைப்பு வைத்திருப்பவர்கள், குடிநீர் வாரியத்தின் மாதக் கட்டணச் சீட்டிலிருந்து பழைய நிலுவையை நீக்கிவிட்டு, கழிவுநீர்க் கட்டணம் உட்பட மீதித் தொகையைப் பயன்படுத்திய கிலோலிட்டர்களால் வகுத்து, அதை 20 லிட்டர் கேன்கள் ஐம்பதின் விலையோடு ஒப்பிடவேண்டும். இரண்டும் 1,000 லிட்டர்தான். (கேன்காரருக்கு இந்தக் கணக்கு பிடிக்காது.) சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு மின்சாரத்தால் ஏற்றப்பட்டு வருவது இந்தக் குழாய்நீர்.

அடுத்து, அந்த நீர் குடிக்க ஏற்றதா என்று அறிய, குளோரின் சோதனைப் பெட்டியால் சம்ப்புக்கு (நிலத்தடித் தொட்டிக்கு) முன்னுள்ள குழாயையும் சமையலறைக் குழாயையும் தனித்தனியே சோதியுங்கள். லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்கவேண்டும் என்பது இந்தியத் தரநிர்ணயம். முன்னதில் குளோரின் இருந்து, பின்னதில் இல்லையெனில், நீர் உங்கள் தொட்டிகளில் நெடுநேரம் தேங்குகிறது அல்லது அவை அழுக்கடைந்துள்ளன. கழுவி முடிக்கும்வரை கொதிக்கவைத்தே குடியுங்கள்.