பழைய காரின் சில்லறைத் தொல்லைகள்: வீட்டிலேயே சரிசெய்வது எப்படி?

எங்கள் வீட்டு பெட்ரோல் காருக்கு 16 வயது. ஓட்டத்தில் குறையே கிடையாது. ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்தால் முனகும், ஜன்னல் கண்ணாடி பாதியில் நின்றுவிடும், வாஷர் தண்ணீர் வராது. ஒவ்வொன்றையும் நோண்டிப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. இந்த மாதிரித் தொல்லைகள் பெரும்பாலும் பார்ட் கெட்டுப்போய் வருவதில்லை. அழுக்கும் உப்பும் காய்ந்த ரப்பரும்தான் காரணம். அதனால் எதையும் மாற்றுவதற்கு முன் சுத்தம் செய்து பாருங்கள்.

பத்தாம் நம்பர் ஸ்பானர், பழைய டூத்பிரஷ், ஆப்ப சோடா, வாசலின், சிலிக்கான் ஸ்ப்ரே, மெல்லிய ஊசி ஆகியவை போதும். பிரேக், பெட்ரோல் லைன், ஏர்பேக் ஆகிய மூன்றிலும் கை வைக்காதீர்கள். ஏர்பேக் ஒயர்கள் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் காருக்கு அடியில் எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள்.

ஸ்டார்ட் ஆக முனகினால்

பானட்டைத் திறந்து பேட்டரி டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருக்கிறதா? கரண்ட் போகிற வழியை அதுதான் அடைக்கிறது.

1. சாவியை எடுத்துவிடுங்கள். மோதிரம், வளையலைக் கழற்றி வையுங்கள். பொடி கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
2. முதலில் கறுப்பு, அதாவது நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள், பிறகு சிவப்பு. இந்த வரிசை முக்கியம். நெகட்டிவ் இணைப்பில் இருக்கும்போது சிவப்பைக் கழற்றினால், ஸ்பானர் கார் பாடியில் பட்ட நொடியே ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்கும்.
3. ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடாவைக் கலந்து, பிரஷ்ஷில் தொட்டுத் தேயுங்கள். நுரை பொங்கி, பொடி கரைந்து, அடியில் ஈயத்தின் சாம்பல் நிறம் தெரியும். பேட்டரி மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடா தண்ணீர் உள்ளே போகக்கூடாது.
4. ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். மாட்டும்போது சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில். இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால், ராத்திரி முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். இன்ஜின் ஓடும்போது ஏறக்குறைய 14 வரும். ஓடும்போதும் 13-க்குக் கீழே என்றால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போங்கள். அது ஆல்டர்னேட்டர் (ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி) வேலை.

பவர் விண்டோ மெதுவாக ஏறினால்

மோட்டார் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். கண்ணாடியை முழுதாக இறக்கி, ஐஸ் குச்சியில் ஈரத்துணி சுற்றி, இரு பக்கமும் கண்ணாடி ஓடும் ரப்பர் பள்ளத்தில் மேலிருந்து கீழே இழுங்கள். எனக்கு முதல் இழுப்பிலேயே துணி கரியாகிவிட்டது. துணி வெள்ளையாக வரும்வரை துடைத்து, காய்ந்ததும் சிலிக்கான் ஸ்ப்ரே அடித்து, நாலைந்து முறை ஏற்றி இறக்குங்கள். இன்ஜின் ஆயிலோ கிரீஸோ வேண்டவே வேண்டாம். ரப்பர் ஊதிப்போகும், புழுதியும் வந்து ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி சாய்ந்தபடி ஏறினாலோ கதவுக்குள் கடகடவென்று சத்தம் வந்தாலோ, உள்ளே கேபிள் பிரச்சினை. அதை மெக்கானிக் பார்க்கட்டும்.

வாஷர் தண்ணீர் வராவிட்டால்

ஸ்விட்சை இழுக்கும்போது மோட்டார் சத்தம் கேட்டால், மோட்டார் நன்றாக இருக்கிறது. டேங்கில் தண்ணீரும் இருந்தால், பெரும்பாலும் நாஸிலில் (தண்ணீர் பீச்சும் சின்னத் துளையில்) அடைப்பு. நம் ஊர் போர்வெல் உப்புத் தண்ணீரின் வேலை இது. ஊசியால் மெதுவாகக் குத்தி எடுங்கள். இனிமேல் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். ஆர்.ஓ. மெஷினின் கழிவுநீர் மட்டும் ஆகாது, அதில் உப்பு இன்னும் அதிகம்.

இண்டிகேட்டர் ஒரு பக்கம் மட்டும் வேகமாக அடித்தால், அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கும். அதே வாட் பல்பு போடுங்கள். ஃபியூஸுக்கும் இதே கணக்குதான். 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். போன ஃபியூஸுக்குப் பதில் பெரியதைப் போட்டால், ஃபியூஸ் தப்பித்து ஒயர் எரியும்.

முன் இடது சீட் காலடியில் ஈரம்

வெயில் காலத்தில் ஏசி போட்டு ஓட்டினால் காருக்கு அடியில் தண்ணீர் சொட்ட வேண்டும். அங்கே சொட்டாமல் உள்ளே மேட் நனைந்தால், ஏசி வடிகால் குழாய் அடைத்திருக்கிறது. முதலில் அந்த ஈரத்தைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பும் இனிப்பு வாசனையும் இருந்தால் அது கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். ஓட்டுவதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

வெறும் தண்ணீர்தான் என்றால், இன்ஜின் ஆறியபின் பானட்டுக்குள் டார்ச் அடித்து, இன்ஜினையும் கேபினையும் பிரிக்கும் தடுப்புச் சுவரின் இடது பக்கக் கீழ்ப்பகுதியில் எட்டிப் பார்க்கும் சின்ன ரப்பர் குழாயைத் தேடுங்கள். நுனியைக் கையால் பிசைந்து விட்டாலே பல சமயம் சேறு இளகிவிடும். இல்லாவிட்டால் வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் குழாயை ஒரு விரல் நீளம் மட்டும் விட்டு ஆட்டுங்கள். கம்பி வேண்டாம், உள்ளே ஏசி காயில் இருக்கிறது. அடைப்பு திறந்ததும் தேங்கிய தண்ணீர் மொத்தமும் ஒரே பாய்ச்சலாகக் கொட்டும், முகத்தை விலக்கி வையுங்கள்.

அப்புறம் மேட்டை வெயிலில் போட்டுவிட்டு, கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் ஒரு செங்கல் வையுங்கள். கீழே இருக்கும் பஞ்சு காய இரண்டு மூன்று நாள் பிடிக்கும்.